ராமிப்ரில் தொடங்கியபின் வறட்டு இருமல்: ஆஸ்துமா கூடிவிட்டதா?

ஆஸ்துமா கூடிவிட்டது என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். அம்மாவுக்கு ராமிப்ரில் தொடங்கிய மூன்றாவது வாரம் இருமல், சளி இல்லை, இன்ஹேலருக்கும் அடங்கவில்லை என்கிறீர்கள். முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த பிரஷர் மாத்திரையைத்தான்.

பிராடிகினின் என்று 9 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சின்ன பெப்டைடு ஹார்மோன் உண்டு. ராமிப்ரில் தடுக்கும் அதே நொதிதான் இதையும் சிதைக்கிறது. நொதி முடங்கினால் பிராடிகினின் மூச்சுக்குழாயில் சேர்ந்து, இருமல் நரம்புகளைச் சீண்டிக்கொண்டே இருக்கும். தொண்டையில் இறகால் வருடுவதுபோல் ஓயாத அரிப்பு. இன்ஹேலர் மருந்தான சல்புடமால் மூச்சுக்குழாயை விரிக்கும், இந்த நரம்பை அடக்காது.

மாத்திரை தொடங்கிய தேதி, இருமல் வந்த தேதி, தினசரி பீக் ஃப்ளோ (மூச்சை ஊதி வெளிவிடும் உச்ச வேகம்) அளவு மூன்றையும் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். பீக் ஃப்ளோ வழக்கம்போல இருந்தால் மாத்திரை மேல் சந்தேகம் வலுக்கும். அவர் லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன் வகை பிரஷர் மாத்திரைக்கு மாற்றலாம். அப்புறமும் இருமல் அடங்க 1 முதல் 4 வாரம், சிலருக்கு 3 மாதம்கூட ஆகும்.

நீங்களாக நிறுத்த வேண்டாம். வீசிங் இருந்தால் ஆஸ்துமாவையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் உதடோ நாக்கோ வீங்கினால் அடுத்த மாத்திரை கூடாது, உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.