ஒன்றரை மாதக் குழந்தைக்குத் தடுப்பூசி போடும்போது வலியைக் குறைக்க என்ன செய்யலாம்?

ஊசி குத்துவதற்குச் சில நிமிடங்கள் முன்பிருந்தே குழந்தை தாயின் மார்பில் பால் குடித்துக்கொண்டிருக்க வேண்டும். இந்த ஒன்றைச் சரியாகச் செய்தாலே வலி வெகுவாகக் குறையும். நான் நீலகிரியில், பெரும்பாலும் கோத்தகிரி வட்டாரத்தில், கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். முத்தடுப்பு ஊசி மருந்தைத் தயாரித்த குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் எங்கள் மலையிலேயே இருக்கிறது. அதனாலோ என்னவோ, தடுப்பூசியே வேண்டாம் என்பவர்களை நான் அதிகம் சந்தித்ததில்லை. ஆனால் 45ஆம் நாள் ஊசியில் குழந்தை அழுத அழுகையைப் பொறுக்க முடியாமல் 75ஆம் நாள் ஊசியைத் தள்ளிப்போட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே இந்தக் கேள்வியைச் சிறியதாக நான் கருதவில்லை.

பெரும்பாலான தாய்மார்கள் ஊசி போட்டு முடிந்து, குழந்தை வீரிட்டு அழத் தொடங்கிய பிறகே பாலூட்ட முயல்கிறார்கள். அப்போது குழந்தை மார்பைப் பற்றாது. முன்னதாகவே தொடங்கி, குழந்தை நன்றாகப் பற்றிச் சீராகக் குடிக்கும் நிலையில் ஊசி போட்டு, முடிந்த பிறகும் நிறுத்தாமல் தொடர வேண்டும். சப்புதல், பாலின் இனிப்பு, தாயின் உடற்சூடு, மணம் ஆகிய எல்லாம் சேர்ந்து வலியை மட்டுப்படுத்துகின்றன. தடுப்பூசி வலியைக் குறைப்பது குறித்து உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட பரிந்துரைகளிலும் இது இடம்பெற்றுள்ளது. பால் குடிக்கும்போது ஊசி போட்டால் புரையேறும் என்று வீட்டுப் பெரியவர்கள் அஞ்சுவதுண்டு. ஆய்வுகளில் அப்படிப்பட்ட பாதிப்பு காணப்படவில்லை. போலியோ சொட்டு மருந்தும், வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு மருந்தும் கொடுத்தவுடன் பால் கொடுக்கக்கூடாது என்பதும் தவறான எண்ணமே. இனிப்புச் சுவையுள்ள ரோட்டா மருந்தை ஊசிக்கு முன்பே கொடுத்துவிடுவது கூடுதல் நன்மை தரும்.

எங்கள் மலையில் இதற்குக் குளிர்தான் முதல் இடையூறு. உடம்பு முழுவதும் கம்பளி சுற்றி வரும் குழந்தையின் கால்சட்டையைச் செவிலியர் எதிரில் அவசரமாகக் கழற்றினால், ஊசி குத்தும் முன்பே அழுகை தொடங்கிவிடும். காத்திருக்கும்போதே தொடைப்பகுதியை மட்டும் எளிதில் திறக்கும்படி தளர்த்தி, குல்லாவும் மேலாடையும் அப்படியே இருக்க, சால்வையால் போர்த்திக்கொள்ளுங்கள். தாயும் தலைவழியாகக் கழற்றும் ஸ்வெட்டரைத் தவிர்த்து, முன்பக்கம் திறக்கும் உடை அணிந்து வந்தால் கூட்டத்தின் நடுவிலும் சங்கடமின்றிப் பாலூட்டலாம்.

அரசு அட்டவணைப்படி 45ஆம் நாளில் மூன்று ஊசிகள் உண்டு: இடத் தொடையில் ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட், வலத் தொடையில் நிமோனியா தடுப்பூசி, வலக் கையில் தோலுக்குள் போடும் போலியோ ஊசி. மேசையில் படுக்கவைப்பதைவிடத் தாயின் மடியில் அணைத்தபடி வைத்திருப்பது நல்லது. காலை இறுக்கி அமுக்க வேண்டாம். திடீரென உதறாத அளவுக்கு முழங்காலருகே பிடித்தால் போதும். ஊசியைக் குத்திய பின் பிஸ்டனைப் பின்னிழுத்து இரத்தம் வருகிறதா என்று பார்ப்பது பழைய வழக்கம். தொடையின் வெளிப்புற நடுப்பகுதியில் பெரிய இரத்தக்குழாய் இல்லாததால் அது தேவையற்றது, வலியையும் கூட்டும். அதிகம் வலிக்கும் ஊசியைக் கடைசியாகப் போடும்படி செவிலியரிடம் பணிவாகக் கேட்கலாம். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

தாய்ப்பால் குடிக்காத குழந்தைக்கு வழக்கமான பாலை அதே முறையில் கொடுத்து, நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். அழுகையை நிறுத்த மலைத்தேனை நாக்கில் தடவும் பழக்கம் இங்கே உண்டு; அதை உறுதியாக மறுத்துவிடுங்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுத்தால் பொட்டுலிசம் என்ற கடும் நோய் வரக்கூடும்.

குளிர்ந்த மருந்தை உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்குவதும், ஊசி போடும் இடத்தைத் தேய்ப்பதும் வலியைக் குறைப்பதில்லை. வீட்டிலிருந்தே பாராசிட்டமால் கொடுத்து அழைத்து வருவதும் குத்தும் வலிக்கு உதவாது. மேலும், காய்ச்சல் வருமுன்பே அதைக் கொடுத்தால் சில தடுப்பூசிகளால் உருவாகும் எதிர்ப்பாற்றல் சற்றுக் குறைவதாகச் செக் நாட்டில் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பிறகு காய்ச்சலோ கடும் வலியோ இருந்தால், குழந்தையின் எடைக்கேற்ப மருத்துவரோ செவிலியரோ சொல்லும் அளவில் கொடுக்கலாம். பாராசிட்டமால் சொட்டு மருந்தும் பாராசிட்டமால் சிரப்பும் ஒரே செறிவுடையவை அல்ல. ஒன்றின் அளவை மற்றொன்றுக்குப் பயன்படுத்தினால் ஆபத்து.

ஊசி போட்ட இடத்தில் வீக்கமும், ஓரிரு நாள் காய்ச்சலும் பென்டாவேலன்டுக்குப் பின் வழக்கமானவை. வீக்கத்தின்மேல் சுத்தமான ஈரத்துணி வைத்தால் போதும். நீலகிரித் தைலம் எங்கள் வீடுகளில் எல்லாவற்றுக்கும் மருந்து என்றாலும் கைக்குழந்தைக்குத் தடவாதீர்கள். உள்ளே போனால் வலிப்புகூட வரலாம். காய்ச்சலடிக்கும் குழந்தையை மேலும் இரண்டு கம்பளியால் மூடுவதும், கரி அடுப்பருகே வைப்பதும் உடற்சூட்டை ஏற்றிவிடும். வீட்டுக்குள் ஒரு மெல்லிய உடையும் ஒரு போர்வையும் போதும்.

ஊசிக்குப் பின் அரைமணி நேரம் சுகாதார நிலையத்திலேயே இருங்கள். தேற்ற முடியாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் அழுதாலும், வலிப்பு வந்தாலும், துவண்டு போனாலும், பால் குடிக்க மறுத்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். மழைக்காலத்தில் மலைப்பாதை எப்போது அடைபடும் என்று சொல்ல முடியாது. இவற்றில் எது நேர்ந்திருந்தாலும் தடுப்பூசி அட்டையில் குறித்து வைத்து, 75ஆம் நாள் ஊசிக்கு முன் செவிலியரிடம் சொல்லுங்கள். அடுத்த தவணையை எப்படிப் போடுவது என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.