பெயரைக் காணோம், தொகை இருக்கிறது
(கணினி: கேள்வி – பதில்)

கேள்வி: ஐயா, எங்கள் தெருக் கோயில் திருப்பணி நன்கொடைப் பட்டியலைச் சாதாரண உரைக்கோப்பாக வைத்திருக்கிறேன். உபுண்டுவில் திறந்தால் தமிழ் அழகாகத் தெரிகிறது. டெர்மினலில் ‘எல்பி’ கட்டளை கொடுத்து அச்சிட்டால், பெயர்கள் வரவேண்டிய இடமெல்லாம் வெற்றுக் கட்டங்கள். ரூபாய் எண்கள் மட்டும் சரியாக வருகின்றன. புது டோனர் வாங்கியும் பயனில்லை.
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: யார் கொடுத்தார் என்பதை மறைத்து, எவ்வளவு கொடுத்தார் என்பதை மட்டும் சொல்லும் பட்டியலைக் கோயில் சுவரில் ஒட்டிவிடாதீர்கள், கும்பாபிஷேகத்துக்கு முன்பே சண்டை வந்துவிடும். டோனருக்குக் கொடுத்த காசு வீண். டோனர் தீர்ந்திருந்தால் எண்களும் சேர்ந்தே மங்கியிருக்கும்.

நீங்கள் திரையில் பார்த்தது ஒரு வழியில் வந்தது. தாளில் விழுந்தது வேறு வழியில் போனது. உரைத்திருத்தியில் எழுத்துகளை அடுக்கித் தருபவை பாங்கோ, ஹார்ஃப்பஸ் என்ற நிரல்கள். ‘எல்பி’ கொடுத்தால் அவை பக்கத்திலேயே வருவதில்லை. கோப்பு நேராகக் கப்ஸ் என்ற அச்சு அமைப்பிடம் போகிறது. அதன் உரை வடிகட்டி பழைய தட்டச்சுப்பொறி மாதிரி: ஒரே அகலமுள்ள ஓர் எழுத்துருவை எடுத்து, ஒவ்வொரு குறியாக வரிசையில் வைத்துக்கொண்டே போகும். அந்த எழுத்துருவில் தமிழ் இல்லையென்றால் கட்டம்தான்.

‘அப்படியானால் அதில் தமிழ் எழுத்துருவைப் போட்டுவிடுகிறேன்’ என்பீர்கள். போதாது. ‘கொடை’ என்ற சொல்லையே பாருங்கள். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுக் குறிமுறையான யூனிகோடில் முதலில் ககரம், அதன் பிறகு ஒகரத்துக்கான ஒரே ஒரு குறி. தாளிலோ கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டும், கால் பின்னால் நிற்க வேண்டும். ஒரு குறியை இரண்டாகப் பிளந்து இரு பக்கமும் நிறுத்துகிற வேலையை ஹார்ஃப்பஸ் செய்கிறது. அந்த வடிகட்டிக்கு அது தெரியாது.

அதே கோப்பை உரைத்திருத்தியில் திறந்து அங்கிருந்தே அச்சிடுங்கள், பெயர்கள் வந்துவிடும். கட்டளையை விட மனமில்லையென்றால், பாங்கோவைப் பயன்படுத்தும் ‘பேப்ஸ்’ என்ற சிறு நிரலை நிறுவி, கோப்பை அதன் வழியாக அனுப்பலாம். ஆனால் ஒன்று: பெயருக்கும் தொகைக்கும் நடுவே இடைவெளி தட்டித் தட்டித்தான் நேராக்கியிருப்பீர்கள். தமிழ் எழுத்துகள் ஒரே அகலத்தில் இருப்பதில்லை, அந்த நெடுவரிசை கோணிக்கொண்டு போகும். லிப்ரே ஆஃபிஸின் அட்டவணை நிரலான கால்க்கில் இரண்டு நெடுவரிசைகளாகப் போட்டுவிடுவது நல்லது.

கேள்வி: வீட்டில் லிப்ரே ஆஃபிஸில் செய்த இரண்டு பக்க அழைப்பிதழ், ஜெராக்ஸ் கடையில் மூன்று பக்கமாகிவிட்டது. எழுத்தும் வேறாக இருக்கிறது. கடைக்காரர் லினக்ஸைக் குறை சொல்கிறார்.
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: கடைக்காரர் சொல்வதை நம்பாதீர்கள். லிப்ரே ஆஃபிஸின் எழுதும் நிரலான ரைட்டர் சேமிக்கும் கோப்பில் வழக்கமாக எழுத்துருவின் பெயர்தான் இருக்கும், எழுத்துரு இருக்காது. கடைக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாததால் கணினி வேறொன்றை எடுத்துக்கொண்டது. அதன் அகலம் கூடுதல், அதனால் மூன்றாம் பக்கம்.

நான் பல ஆண்டுகள் டிடிபி கடை வைத்திருந்தவன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கல்யாணப் பத்திரிகையைக் ‘கர்வ்’ ஆக, அதாவது எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவமாக, மாற்றாமல் அச்சகத்துக்கு அனுப்பினேன். மாப்பிள்ளை பெயர் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் திரும்பி வந்தது. முந்நூறு பத்திரிகை, என் கைக்காசு.

நீங்கள் பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்து கொண்டுபோங்கள். புறப்படும் முன் அதை எவின்ஸ், ஆக்குலர் போன்ற பிடிஎஃப் பார்க்கும் நிரல் ஒன்றில் திறந்து, ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பகுதியில் ‘ஃபான்ட்ஸ்’ பக்கத்தைப் பாருங்கள். ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ‘எம்பெடட்’ என்று இருந்தால் உள்ளே பொதிந்திருக்கிறது என்று பொருள். கடையில் என்ன கணினி இருந்தாலும் கவலையில்லை.

கேள்வி: அப்பா 1998இல் தட்டச்சு செய்த கட்டுரைகளை லினக்ஸில் திறந்தால், அச்சிலும் திரையிலும் ஆங்கில எழுத்துகளே வருகின்றன. எழுத்துரு பெட்டியில் ‘பாமினி’ என்று காட்டுகிறது.
– ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: கோப்பு கெடவில்லை. பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பழைய எழுத்துரு. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் உள்ளே பதிவாவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. பாமினி எழுத்துரு இருந்தால்தான் அவை தமிழ் முகம் காட்டும். அப்பாவின் பழைய கணினியில் அந்த எழுத்துருக் கோப்பு இருக்கும். எடுத்து உங்கள் கணினியில் நிறுவி, முதலில் ஒரு படி அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றும்போது கட்டுரைக்குள் இருக்கும் உண்மையான ஆங்கிலச் சொற்களும் தமிழ்க் குளறுபடியாக மாறிவிடும். அச்சிட்ட படியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவற்றை ஒவ்வொன்றாகத் திருத்துங்கள்.