பேனா பிடித்தால் கை வலிக்கிறது

கேள்வி: யுபிஎஸ்சி மெயின்ஸ் தேர்வைத் தமிழில் எழுதப்போகிறேன். ஒரு வருடமாக விடைகளை லேப்டாப்பில் டைப் செய்துதான் பழகினேன். போன வாரம் மாதிரித் தேர்வில் கை வலித்து, 20 கேள்விகளில் 13-ஐத்தான் முடித்தேன். இந்தக் காலத்திலும் கையால்தான் எழுத வேண்டுமா?

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது, தம்பி. வெளிநாட்டு மேற்படிப்புக்காக எழுதும் ஜிஆர்இ தேர்வில் கட்டுரையைக் கணினியில்தான் அடிக்கிறார்கள். ஆனால் இந்தத் தேர்வு மாறும்வரை காத்திருக்க வயது வரம்பு இடம் கொடுக்காதே.

ஜி.எஸ். எனும் பொது அறிவுப் பாடத்தின் முதல் தாளையே எடுத்துக்கொள்ளுங்கள். 10 கேள்விகளுக்கு 150 சொற்கள், 10 கேள்விகளுக்கு 250 சொற்கள். மொத்தம் 4,000 சொற்கள், 180 நிமிடங்கள். யோசிக்காமல் எழுதினாலே நிமிடத்துக்கு 22 சொற்கள் ஆகிறது. ஆனால் தமிழில் 'நடைமுறைப்படுத்தப்படாததால்' என்று ஒரே சொல்லில் ஒரு வாக்கியத்தின் பாதி வந்துவிடும். அதனால் சொல் எண்ணிக்கையைத் துரத்தாதீர்கள். விஷயம் முழுதாக வந்தால் போதும்.

கை வலியைவிட எனக்குக் கவலை தருவது வேறு. நான் மாதிரித் தாள்கள் திருத்துகிறேன். டைப் செய்தே பழகியவரின் தாளைப் பார்த்ததும் தெரிந்துவிடும். முதல் மூன்று வரி கோடு போட்டு அடித்திருக்கும், ஓரத்தில் ஓர் அம்புக்குறி, நடுவில் நுணுக்கி நுழைத்த ஒரு வரி. கேட்டதற்கான பதில் கடைசிப் பத்தியில்தான் தலைகாட்டும். திரையில் என்றால் அந்தப் பத்தியைத் தூக்கி மேலே வைத்துவிடலாம். விடைத்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் இவ்வளவுதான் இடம் என்று விட்டிருக்கிறார்கள். அங்கே எழுதியது எழுதியதுதான்.

அதனால் கேள்வியைப் படித்ததும் எழுதத் தொடங்காதீர்கள். ஒரு நிமிடம் பேனாவைக் கீழே வையுங்கள். முதல் வரி என்ன, எதில் முடிக்கப்போகிறோம் என்று மனதில் தீர்மானித்த பிறகு எடுங்கள். அந்த நிமிடம் வீணாகாது, அடித்தல் திருத்தலில் மிச்சமாகிவிடும்.

அப்புறம் கைக்கு வருவோம். நடுவிரலில் பேனா பதிந்து குழி விழுகிறதா? அழுத்திப் பிடிக்கிறீர்கள் என்று அர்த்தம். அழுத்தாமல் ஓடும் பேனாவுக்கு மாறுங்கள். இந்த வாரம் தினமும் மூன்று விடை, அடுத்த வாரம் ஐந்து என்று ஏற்றுங்கள். பிறகு ஞாயிறுதோறும் காலையில் ஒரு தாள், மதியம் ஒரு தாள். தேர்விலும் ஒரே நாளில் இரண்டு தாள் வரும், மதியத் தாளில்தான் கை சோர்ந்துபோகும். வலி மறுநாளும் விடவில்லை என்றால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

லேப்டாப்பை மூட்டை கட்ட வேண்டியதில்லை. குறிப்புகள் சேர்க்க, பழைய விடைகளைத் திருத்தி எழுதிப் பார்க்க அதுதான் வசதி. விடை எழுதும் பயிற்சி மட்டும் இன்றிலிருந்து தாளில் இருக்கட்டும்.