பாஸ்டன் தேநீர் விருந்து: விலை குறைந்தும் ஏன் கொட்டினார்கள்?

வணக்கம். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1773-இல் போட்ட தேயிலைச் சட்டத்தால் அதன் அமெரிக்கக் குடியேற்றங்களில் தேயிலை விலை குறைந்தது என்று ஒரு புத்தகமும், வரியை எதிர்த்துத்தான் அங்கிருந்த குடியேற்றவாசிகள் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள் என்று இன்னொரு புத்தகமும் சொல்கின்றன, பரீட்சையில் எதை எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே சரிதான்.

அந்தச் சட்டம் புது வரி எதையும் போடவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் கிடங்குகளில் தேயிலை மலைபோலத் தேங்கிக் கிடந்தது. அதைத் தள்ளிவிட, இங்கிலாந்துச் சுங்கத்தைத் திருப்பித் தந்து, கம்பெனியே நேராக அமெரிக்காவில் விற்க வழிசெய்தார்கள். விலை இறங்கியது அதனால்தான். ஆனால் 1767-இல் போட்ட, ராத்தலுக்கு 3 பென்ஸ் வரி மட்டும் அப்படியே இருந்தது. மலிவாச்சே என்று வாங்கினால், தங்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லாத நாடாளுமன்றம் வரி போடலாம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். டச்சுத் தேயிலையைக் கடத்தி விற்றவர்களின் பிழைப்பும் போகும், அதையும் மறக்க வேண்டாம். விற்பனை உரிமை பெற்றவர்களில் இருவர், பாஸ்டன் இருந்த மாசசூசெட்ஸின் ஆளுநர் ஹட்சின்சனின் மகன்கள்!

தேயிலை ஏற்றிய டார்ட்மவுத் கப்பல் நவம்பர் 28 அன்று பாஸ்டனுக்கு வந்தது. 20 நாளில் சுங்கம் கட்டாவிட்டால் சரக்கு பறிமுதல். திருப்பி அனுப்பவும் ஹட்சின்சன் விடவில்லை. கெடு முடியும் தறுவாயில், டிசம்பர் 16 இரவு, மூன்று கப்பல்களிலிருந்து 342 பெட்டிகளை உடைத்துக் கொட்டினார்கள்.

அப்புறம், 'அசாம் தேயிலை' என்று எழுதியிருக்கிறீர்கள், அதை அடித்துவிடுங்கள். கொட்டியது சீனத் தேயிலை. அசாமில் தோட்டம் போட்டதே 1830-களில்தான்.