பெட்டியில் 4கே, போர்ட்டில் என்ன?

கேள்வி: மகன் ஐடி வேலைக்காக வாங்கிய மானிட்டர் ஒன்று வீட்டில் இருக்கிறது. 27 அங்குலம், 1440பி, 165 ஹெர்ட்ஸ். போன மாதம் நண்பரிடமிருந்து பழைய பிளேஸ்டேஷன் 5 கேம் கன்சோல் வாங்கி அதில் மாட்டினான். 1080பி மட்டும்தான் வருகிறது. பெங்களூரு எஸ்.பி. ரோடு கடையில் கேட்டால், "கன்சோலுக்கு இது ஒத்துவராது, 4கே எடுத்துக்கோங்க" என்கிறார்கள். வாங்கித்தான் ஆக வேண்டுமா?
– அல்சூர் வாசகர்

பதில்: வேண்டாம். பர்ஸை உள்ளே வையுங்கள். 1080பி, 1440பி, 4கே என்பவை படத்தின் நுணுக்கத்தை (ரெசல்யூஷன்) ஏறுவரிசையில் சொல்பவை. ஹெர்ட்ஸ் என்பது ஒரு நொடியில் திரை எத்தனை முறை புதுப்பிக்கப்படும் என்பது.

பிளேஸ்டேஷன் 5 வந்த புதிதில் அதற்கு 1440பி தெரியாது. 2022 செப்டம்பரில் வந்த சாஃப்ட்வேர் அப்டேட்டில்தான் அது சேர்ந்தது. பழைய கன்சோல் என்கிறீர்கள், முந்தைய சொந்தக்காரர் நீண்ட நாள் அப்டேட் செய்யாமல் விட்டிருக்கலாம். முதலில் அதை முடியுங்கள். அப்புறம் செட்டிங்ஸில் 'ஸ்கிரீன் அண்ட் வீடியோ', அதற்குள் 'வீடியோ அவுட்புட்' போனால் 1440பி சோதனை ஒன்று இருக்கும். அதை ஓட்டிப் பார்த்து, ரெசல்யூஷனில் 1440பி-யைத் தேர்ந்தெடுத்தால் போதும். கையிலிருப்பது பிளேஸ்டேஷன் 4 ப்ரோவாக இருந்திருந்தால் என் பதில் வேறு. அது 1080பி அல்லது 4கே அனுப்புமே தவிர, நடுவில் நிற்காது. போட்டிக் கன்சோலான எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ், எஸ் இரண்டுக்கும் 1440பி பிரச்சினையே இல்லை.

கடைக்காரர் சொல்லாத ஒன்று: உங்கள் மானிட்டரில் எச்டிஎம்ஐ (படமும் சத்தமும் ஒரே கேபிளில் வரும் இணைப்பு) 2.0 போர்ட் இருந்தாலே 1440பி-யில் 120 ஹெர்ட்ஸ் தாராளமாகப் போகும். 165 வராது. அது கணினிக்கான கணக்கு, இந்தக் கன்சோல் 120-க்கு மேல் அனுப்புவதில்லை. இழப்பு என்றால் ஒன்றுதான். விஆர்ஆர் என்று ஒரு வசதி உண்டு. கேமின் வேகம் ஏறி இறங்கும்போது மானிட்டரும் அதற்கேற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளும், படம் வெட்டாது. பிளேஸ்டேஷன் 5 இதை எச்டிஎம்ஐ 2.1-இன் முறையில்தான் கேட்கும். அதே வேலையைச் செய்யும் வேறொரு முறையான 'ஃப்ரீசிங்க்' என்று மட்டும் போட்டிருக்கும் மானிட்டரில் அது வேலை செய்யாது. எக்ஸ்பாக்ஸ் அதையும் ஏற்றுக்கொள்ளும்.

மேசையில் 27 அங்குலத் திரைக்கு 1440பி நல்ல அளவு என்பது என் கருத்து. பெரிய கேம்கள் பலவும் உள்ளே குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து, பிறகு 4கே-க்கு இழுத்துத்தான் காட்டுகின்றன. பின்னாளில் பெரிய திரைக்குப் போவதாக இருந்தால் ஒரு தகவல்: 32 அங்குலத்துக்கு மேற்பட்ட மானிட்டருக்கு இருந்த 28 சதவீத ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். "பெரிசுக்கு வரி ஜாஸ்தி சார்" என்று இன்னும் யாராவது சொன்னால் பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் '4கே, 144 ஹெர்ட்ஸ், எச்டிஎம்ஐ 2.1' என்று போட்டிருந்ததை நம்பி மானிட்டர் வாங்கினேன். பிளேஸ்டேஷன் 5 மாட்டினால் 4கே 60 ஹெர்ட்ஸ்தான் காட்டுகிறது. விற்பனையாளர் "பொருளில் குறை இல்லை, திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறார். என்ன செய்வது?
– ஒயிட்ஃபீல்டு வாசகர்

பதில்: சண்டைக்குப் போகும் முன் உங்கள் பக்கத்தைச் சரிபார்த்துவிடுவோம். ஹோம் ஸ்கிரீனில் நின்று பார்த்தால் 60 என்றுதான் இருக்கும். 120-ஐ ஆதரிக்கும் கேமைத் திறந்து, அதில் வேகத்துக்கு முன்னுரிமை தரும் பெர்ஃபார்மன்ஸ் மோடு போட்டுவிட்டுப் பாருங்கள். கன்சோல் பெட்டியில் வந்த கேபிளையே மாட்டுங்கள், டிவி பெட்டிக்குப் பின்னால் கிடந்த பழைய கேபிள் வேண்டாம். மானிட்டரின் மெனுவிலும் நுழைந்து பாருங்கள். சில மாடல்களில் எச்டிஎம்ஐ-யை 2.0-இலிருந்து 2.1-க்கு மாற்றும் தேர்வு அங்கே ஒளிந்திருக்கும். வீடியோ அவுட்புட் தகவல் பக்கத்தில், மானிட்டர் எதையெல்லாம் ஏற்கும் என்ற விவரமும் வரும்.

இவ்வளவுக்குப் பிறகும் 60-தான் என்றால், நீங்கள் மாட்டிக்கொண்டது ஒரு பெயர் விளையாட்டில். எச்டிஎம்ஐ அமைப்பின் விதிப்படி 2.0 என்பது தனியாக இப்போது கிடையாது, அது 2.1-க்குள் அடங்கிவிட்டது. 2.1-இன் புதிய வசதிகள் எல்லாமே விருப்பத்துக்குரியவை. ஆக, நொடிக்கு 18 கிகாபிட் என்ற பழைய வேகத்தில் ஓடும் போர்ட்டுக்கும் 2.1 என்று பெயர் வைக்கலாம். எந்தெந்த வசதி இருக்கிறது என்று கூடவே சொல்ல வேண்டும் என்பதும் அதே விதிதான். அந்தப் பாதியை விளம்பரம் எழுதுகிறவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். உங்கள் 144 ஹெர்ட்ஸ், கணினிகளில் இருக்கும் இன்னொரு வகை இணைப்பான டிஸ்ப்ளேபோர்ட்டில் மட்டும் கிடைக்கக்கூடும். அந்த போர்ட் பிளேஸ்டேஷனிலும் இல்லை, எக்ஸ்பாக்ஸிலும் இல்லை.

கன்சோலுக்காக மானிட்டர் வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றே: "எச்டிஎம்ஐ வழியாக 4கே எத்தனை ஹெர்ட்ஸ்?" தயாரிப்பாளரின் இணையதளத்தில் இருக்கும் பயனர் கையேட்டில் இதற்கென்றே ஒரு அட்டவணை இருக்கும். கடையில் வாங்கினால் கன்சோலைத் தூக்கிக்கொண்டே போங்கள், கூச்சமே வேண்டாம்.

இனி உங்கள் பணம். பொருளில் குறை இல்லை என்பது பதிலாகாது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள்படி, விளம்பரத்தில் சொன்ன அம்சங்கள் பொருளில் இல்லையென்றால் இணைய விற்பனையாளர் அதைத் திரும்ப எடுக்க மறுக்க முடியாது. விளம்பரப் பக்கம், கையேட்டின் அட்டவணை, தகவல் பக்கம் மூன்றையும் இன்றே படமெடுத்து வையுங்கள். விளம்பர வாசகம் நாளைக்கே மாறலாம். தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்லவும், ஒரு மாதத்தில் தீர்க்கவும் அவர் கடமைப்பட்டவர். நகரவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே, அதாவது பெங்களூரிலேயே, வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை.

கேள்வி: பி.ஜி. அறையில் இருக்கிறேன். நண்பர் கொடுத்த 4கே மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட்டும் யூஎஸ்பி-சியும் மட்டும்தான். கன்சோலை இணைக்க 'எச்டிஎம்ஐ–டிஸ்ப்ளேபோர்ட்' கேபிள் வாங்கினேன், திரை கறுப்பாகவே இருக்கிறது. கடைக்காரர் பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார்.
– பி.டி.எம். லேஅவுட் வாசகி

பதில்: கேபிள் கெட்டுப்போகவில்லை, அது ஒன்வே. கடைகளில் கிடைக்கும் இந்த வகைக் கேபிள்கள் பெரும்பாலும் கணினியின் டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து டிவியின் எச்டிஎம்ஐ-க்குப் போகிறவை. உங்களுக்கு வேண்டியது எதிர்த்திசை. அதற்கு 'ஆக்டிவ் கன்வெர்ட்டர்' என்று தனியாகக் கேட்க வேண்டும். மின்சாரத்துக்காக அதில் பெரும்பாலும் ஒரு யூஎஸ்பி வாலும் இருக்கும். பலவற்றில் 4கே 60 ஹெர்ட்ஸ்தான் எல்லை, விஆர்ஆரை எதிர்பார்க்காதீர்கள். கன்சோலின் யூஎஸ்பி-சியை மானிட்டரோடு இணைத்துப் பார்க்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், அதில் படம் வராது. கன்வெர்ட்டர் விலையைக் கேட்டுவிட்டு, எச்டிஎம்ஐ உள்ள பழைய 1080பி மானிட்டர் ஒன்றின் விலையையும் கேளுங்கள். பி.ஜி. அறைக்கு இரண்டாவதே மேல் என்று தோன்றலாம்.

பில் வாசகத்துக்கு வருவோம். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். திருப்பிக் கொடுக்க பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள் அவகாசம். ஆனால் உங்கள் கேபிளில் குறை இல்லையே. நீங்களாக எடுத்திருந்தால் வாதம் பலவீனம். "பிளேஸ்டேஷனுக்கு வேண்டும்" என்று கேட்டு, அவர் எடுத்துக் கொடுத்திருந்தால் கதை வேறு. வாட்ஸாப்பில் அப்படிப் பேசியிருந்தால் அதைக் காட்டுங்கள். நல்லபடியாகக் கேட்டால், பணத்துக்குப் பதில் கன்வெர்ட்டர் தந்து வித்தியாசத்தை மட்டும் வாங்கிக்கொள்வார். எஸ்.பி. ரோடு பக்கம் இது சகஜம்.

கேள்வி: மானிட்டரில் படம் வருகிறது, சத்தம் இல்லை.
– ஜீவன்பீமா நகர் வாசகர்

பதில்: பல மானிட்டர்களில் ஸ்பீக்கரே கிடையாது. பின்பக்கம் ஹெட்ஃபோன் துளை இருந்தால் அதில் ஸ்பீக்கரை மாட்டுங்கள், எச்டிஎம்ஐ-யில் வரும் சத்தம் அங்கே வரும். துளையும் இல்லையா? பிளேஸ்டேஷன் 5-இன் கன்ட்ரோலரில் 3.5 மி.மீ. துளை உண்டு, சாதாரண வயர் இயர்ஃபோனே போதும். ராத்திரி விளையாடுவதாக இருந்தால் வீட்டில் மற்றவர்களுக்கும் அதுதான் நல்லது.