ஊர் சிறியதா, கணக்கு சிறியதா?

கேள்வி: நான் ஒரு சிறிய ஊரில் 9 ஆண்டுகளாக மலர் அலங்காரத் தொழில் செய்துவருகிறேன். வயது 41. யாரிடமும் முறையாகப் படிக்கவில்லை. கைப்பழக்கத்தில் வந்த தொழில். என் வேலையைப் பாராட்டாதவர்கள் இல்லை. ஆனால் ஆண்டு முடிவில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. பெருநகரத்துக்குப் போனால் பிழைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அதற்கு முன் ஒரு சான்றிதழ்ப் படிப்பை முடித்துவிட வேண்டுமா? சில மாதங்களாக விரல் நுனிகளில் தோல் வெடித்து எரிகிறது. அது தொழிலோடு வருவதுதானே? — ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதத்தில் ஊரைப் பற்றியும் பாராட்டைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள், ஒரு வேலைக்கு எப்படி விலை சொல்கிறீர்கள் என்பதை மட்டும் எழுதவில்லை. பூ வாங்கிய தொகையோடு மனதுக்குத் தோன்றிய ஒரு தொகையைச் சேர்த்துச் சொல்கிறீர்கள் என்பது என் ஊகம். அப்படியானால், பெருநகரத்துக்குப் போனாலும் இதே கணக்குதான் உங்களோடு பெட்டியில் ஏறி வரும்.

ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். 100 தண்டு ரோஜா வாங்குகிறீர்கள். ஒடிந்தது, இதழ் கருகியது, மொட்டு விரியாமல் தலை சாய்ந்தது என்று 15 தண்டு சேதாரமாகப் போகிறது. மீதமுள்ள 85 தண்டுகள்தான் அந்த நூறின் விலையையும் சுமக்க வேண்டும். அதாவது, ஒவ்வொரு தண்டின் அடக்கவிலையும் ஏறத்தாழ 18 சதவீதம் உயர்ந்துவிட்டது. இதற்குமேல்தான் உங்கள் நேரம் வருகிறது. மேடை அலங்காரம் 3 மணி நேர வேலை என்று நீங்கள் சொல்லும்போது, முந்தைய நாள் வாளிகளைக் கழுவியதும், தண்டுகளைச் சீவி இலை உருவி நீரில் நிறுத்தியதும், நிகழ்ச்சி முடிந்த நள்ளிரவில் திரும்பிப் போய்ச் சாடிகளைப் பொறுக்கி வந்ததும் அந்த மூன்றில் சேர்வதில்லை. அடுத்த 3 மாதங்களுக்கு ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தாள் வையுங்கள்: எந்தப் பூ எத்தனை தண்டு, சேதாரம் எவ்வளவு, போக்குவரத்து உட்பட எத்தனை மணி நேரம். நெருங்கியவர்களுக்குக் குறைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், முழுத் தொகையை எழுதி, கழித்த தொகையையும் ரசீதில் தனியாகக் காட்டுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் பாதி கூலிக்குச் செய்த வேலைதான் ஊருக்கே உங்கள் விலையாகிவிடும்.

சிறிய ஊருக்கென்று ஒரு மெய்யான இடைஞ்சல் உண்டு. அதை நான் மறைக்கவில்லை. மொத்த வியாபாரி பூவைக் கட்டுக்கணக்கில்தான் கொடுப்பார். வாடிக்கையாளர் கேட்ட ஒரு குறிப்பிட்ட பூ 6 தண்டு போதுமென்றாலும் நீங்கள் முழுக் கட்டையும் வாங்குகிறீர்கள். பெருநகரக் கடையில் மிச்சம் மறுநாள் விற்றுப்போகும், உங்களிடம் அது வாளியிலேயே வாடுகிறது. ஆகவே, பூவின் பெயரைச் சொல்லி ஆர்டர் எடுப்பதை விட்டுவிட்டு, நிறத்தையும் அளவையும் தொகையையும் பேசி முடித்து, எந்தப் பூ என்பதை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முன்பணம் வராமல் கொள்முதல் செய்யாதீர்கள். திருமணங்கள் சில மாதங்களில் குவிந்து சில மாதங்களில் காணாமல் போகும். இறுதிச் சடங்குகளுக்குப் பருவம் கிடையாது. அலுவலகங்களிலும் விடுதிகளிலும் வரவேற்பு மேசைக்கு வாரம் ஒரு சாடி என்று நாலைந்து இடம் பிடித்துவிட்டால், கட்டில் எஞ்சும் தண்டுகளுக்கும் போக்கிடம் கிடைக்கும்.

சேதாரத்தைக் குறைப்பது நீங்கள் அறியாததல்ல. ஆனாலும், கைப்பழக்கத்தில் வந்தவர்கள் தவறவிடும் ஒன்றிரண்டைச் சொல்லிவிடுகிறேன். வாளி நீரில் பெருகும் பாக்டீரியாதான் தண்டின் குழாய்களை அடைக்கிறது. வாளியைச் சோப்புப் போட்டுத் தேய்ப்பது பூ வாங்குவதற்குச் சமமான வேலை. பழங்களை வைத்த குளிர்சாதனப் பெட்டியில் பூவை வைக்காதீர்கள்; பழுக்கும் கனி விடும் எத்திலீன் வாயு கார்னேஷனைச் சீக்கிரமே சுருட்டிவிடும். ரோஜாவுக்கு 1 முதல் 4 டிகிரி செல்சியஸ் குளிர் நல்லது. அதே குளிரில் ஆந்தூரியமும் வெப்பமண்டல ஆர்க்கிட்டும் கருத்துவிடும்.

சான்றிதழுக்கு வருகிறேன். கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை லண்டனில் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்தவர்; 40 வயதைக் கடந்த பிறகு, 1929-ல்தான் பூக்கடை திறந்தார். முட்டைக்கோஸ் இனத்துக் கீரை இலைகளையும் வேலியோரக் களைச்செடிகளையும் சாடியில் வைத்து மற்றவர்களைத் திகைக்கவைத்த அவர், 1953-ல் இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்கு மலர் அலங்காரம் செய்தார். எல்லோரும் அவராகிவிட முடியாது என்பது எனக்கும் தெரியும். உங்கள் வாடிக்கையாளர்கள் கேட்பது சான்றிதழை அல்ல, நீங்கள் முன்பு செய்த வேலையின் படங்களை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். படிப்பதானால், பட்டத்துக்காக அல்லாமல், உங்களுக்குக் கைவராத ஒன்றுக்காக, உதாரணமாகத் தண்டுகளைக் குத்தி நிறுத்தும் பச்சை ஃபோம் கட்டி இல்லாமல் கம்பிவலையிலும் முள்தட்டிலும் (ஊசிகள் நிமிர்ந்து நிற்கும் தட்டு) பெரிய அமைப்புகளை நிறுத்துவதற்காக, ஒரு குறுகிய பயிற்சிக்குப் போங்கள். அந்த ஃபோம் மக்காது. உதிர்ந்து நுண் பிளாஸ்டிக்காக நீரில் கலக்கிறது. அது வேண்டாம் என்று சொல்லும் வாடிக்கையாளர்கள் இப்போதே இருக்கிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பெருநகர ஆசை விடவில்லையென்றால், வேலை இல்லாத மாதங்களில் அங்கே ஒரு பெரிய அலங்காரக் குழுவில் கூலிக்குச் சேர்ந்து 2 மாதம் இருந்து பாருங்கள். அங்கே உங்கள் கை வேலை செய்யும். பெயர் வேறொருவருடையதாக இருக்கும். அது உங்களுக்கு உறுத்துகிறதா இல்லையா என்பதை அங்கிருந்துதான் அறிய முடியும். கடையை மூடிவிட்டு மட்டும் போகாதீர்கள்.

கடைசி வரியில், போகிறபோக்கில், விரல்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். அல்ஸ்ட்ரோமீரியா, டூலிப், சாமந்தி இனப் பூக்கள் ஆகியவற்றின் சாறு நாள்தோறும் பட்டால் சிலருக்குத் தோல் ஒவ்வாமை உண்டாகிறது; ஒருமுறை பற்றிக்கொண்டால், பிறகு தொட்டபோதெல்லாம் திரும்ப வரும். அது தொழிலோடு வருவதுதான் என்றாலும், தாங்கிக்கொண்டிருக்க வேண்டியதல்ல. இந்த வாரமே ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள். அதிகமாகக் கையாளும் பூக்களின் பெயர்களை எழுதி எடுத்துச் செல்லுங்கள், எது ஒவ்வாமை தருகிறது என்பதைத் தோலில் ஒட்டிவைத்துக் கண்டறியும் ஒட்டுப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். அதுவரை நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மெல்லிய வினைல் உறையில் அந்தச் சாறு ஊடுருவிவிடும்.