நிறையும் அடர்த்தியும் தெரிந்தால் கன அளவைக் காண ஏன் வகுக்க வேண்டும்?

கேள்வி கேட்டிருப்பவர் பதினோராம் வகுப்பு மாணவர். "எத்தனாலின் அடர்த்தி ஒரு மி.லி.க்கு 0.789 கிராம் என்றால், 50.0 கிராம் எத்தனாலின் கன அளவு என்ன?" என்ற கணக்கில், சூத்திரம் மனப்பாடமாக இருந்தும் பெருக்குவதா வகுப்பதா என்று ஒவ்வொரு தேர்விலும் தடுமாறுவதாக எழுதியிருக்கிறார். 50.0-ஐ 0.789-ஆல் வகுக்க வேண்டும், விடை 63.4 மி.லி. ஆனால் அவருக்கு வேண்டியது இந்த எண் அன்று, அடுத்த கணக்கில் தடுமாறாமல் இருப்பதற்கான வழி. கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் மாணவர்களோடு நின்றவன் என்பதால், அந்த வழியைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

முதலில் சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. நான் கன அளவு என்று எழுதுவதைத்தான் நம் பாடநூல்கள் பல இடங்களில் பருமன் என்கின்றன. இலங்கை மாணவர்கள் அதைக் கனவளவு என்றும், நிறையைத் திணிவு என்றும் படிக்கிறார்கள். பெயர் எதுவானாலும் கணக்கு ஒன்றே.

அடர்த்தியை ஒரு சூத்திரமாக நினைப்பதுதான் குழப்பத்தின் தொடக்கம் என்பது என் கருத்து. அடர்த்தி என்பது ஒரு வாக்கியம். "எத்தனாலின் அடர்த்தி 0.789" என்று படிக்காமல், "ஒரு மில்லிலிட்டர் எத்தனாலில் 0.789 கிராம் இருக்கிறது" என்று முழுவதுமாகப் படியுங்கள். நெல் மூட்டையை நினைத்துப் பாருங்கள். ஒரு மூட்டையில் 75 கிலோ நெல் இருக்கிறது. களத்தில் 900 கிலோ குவிந்திருக்கிறது. எத்தனை மூட்டை பிடிக்கும்? 900-ஐ 75-ஆல் வகுத்துப் 12 என்று சொல்ல எந்த விவசாயக் குடும்பத்துப் பிள்ளைக்கும் சூத்திரம் தேவைப்படாது. எத்தனால் கணக்கும் அதேதான்: மில்லிலிட்டர்தான் மூட்டை, ஒவ்வொரு மூட்டையும் 0.789 கிராம் கொள்கிறது, 50 கிராமுக்கு எத்தனை மூட்டை என்பதே கேள்வி. அலகுகளை உடன் எழுதினால் இன்னும் தெளிவாகும். கிராமை, மில்லிலிட்டருக்கு இத்தனை கிராம் என்பதால் வகுத்தால் கிராம் அடிபட்டு மில்லிலிட்டர் மட்டும் எஞ்சும். பெருக்கினால் கிராமின் வர்க்கம் மேலேயும் மில்லிலிட்டர் கீழேயும் நிற்கும். அப்படி ஓர் அலகில் எதையும் அளவுசாடியில் ஊற்ற முடியாது.

நிறையை மேலேயும் அடர்த்தியையும் கன அளவையும் கீழேயும் எழுதிய முக்கோணத்தில், வேண்டியதை விரலால் மறைத்துப் பார்க்கும் உத்தியைப் பல பயிற்சி வகுப்புகளில் கற்பிக்கிறார்கள். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. தேர்வுப் பதற்றத்தில் எது மேலே எது கீழே என்பது மறந்துவிட்டால் பற்றிக்கொள்ள வேறு பிடி இருக்காது; அதைவிட முக்கியமாக, நிறை கிலோகிராமிலும் அடர்த்தி கிராமிலும் தரப்பட்டிருந்தால் முக்கோணம் எச்சரிக்காது.

விடை வந்த பிறகு அதைச் சோதிக்கவும் ஒரு வழி உண்டு. தண்ணீரின் அடர்த்தி ஏறத்தாழ 1 என்பதால் 50 கிராம் தண்ணீர் 50 மி.லி. இடத்தை அடைக்கும். எத்தனால் தண்ணீரைவிட இலேசானது. ஆகவே அதே 50 கிராம் எடைக்கு 50 மி.லி.யைவிட அதிக இடம் வேண்டும். 63.4 பொருந்துகிறது. தவறுதலாகப் பெருக்கியிருந்தால் 39.5 வந்திருக்கும், அது பார்வைக்கு நம்பும்படியாக இருந்தாலும், 50-க்குக் கீழே இருப்பதாலேயே தவறு என்று தெரிந்துவிடும். பாதரசத்துக்கு இதே கணக்கைப் போட்டால் வேறுபாடு திகைக்க வைக்கும். அதன் அடர்த்தி 13.6; 50 கிராம் பாதரசம் 3.68 மி.லி. மட்டுமே. பெருக்கியவர் 680 மி.லி. என்று எழுதுவார்; உண்மையில் அவ்வளவு பாதரசத்தின் எடை 9 கிலோவுக்கு மேல். வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கினால் விடை அடர்த்தியின் வர்க்க மடங்கு விலகுகிறது என்பதைக் கவனியுங்கள். தண்ணீருக்கு அந்த வர்க்கமும் 1 என்பதால் தவறு வெளியே தெரிவதே இல்லை. எனவே இப்பாடத்தைத் தண்ணீரை வைத்துத் தொடங்குவது சரியன்று என்று நான் எப்போதும் சொல்லி வந்திருக்கிறேன்.

இந்தத் தவற்றை நானும் இளநிலைப் பட்டப் படிப்பின் முதலாண்டில் செய்திருக்கிறேன். ஒரு லிட்டர் 0.5 மோலார் (அதாவது லிட்டருக்கு 0.5 மோல்) செறிவுள்ள கந்தக அமிலம் தயாரிக்க வேண்டியிருந்தது. தேவையான தூய அமிலம் 49 கிராம். புட்டியில் இருந்த அடர் அமிலம் எடையில் 98 சதவீதம் என்பதால் எடுக்க வேண்டிய திரவம் 50 கிராம். அடர் அமிலத்தைத் தராசில் நிறுப்பதைவிட அளந்து எடுப்பதே பாதுகாப்பு. அதற்காகத்தான் புட்டியின் முகப்பில் 1.84 என்று அடர்த்தி அச்சிடப்பட்டிருக்கிறது. 50-ஐ 1.84-ஆல் வகுத்து 27.2 மி.லி. எடுத்திருக்க வேண்டும். நான் பெருக்கி, 92 மி.லி.யைச் சிறிது சிறிதாகத் தண்ணீரில் சேர்த்தேன். பாத்திரம் வழக்கத்தைவிட அதிகமாகச் சுட்டது. அதை நான் பொருட்படுத்தவில்லை. பின்னர் அமிலத்தின் செறிவைக் காரத்தைக் கொண்டு தரம் பார்க்கும்போது, 20 மி.லி. அமிலத்துக்கு 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 20 மி.லி. போதுமானதாக இருந்திருக்க வேண்டும்; பியூரெட் என்ற அளவுகுழாயில் இருந்த 50 மி.லி.யும் தீர்ந்தும், அமிலம் தீர்ந்ததைக் காட்ட வேண்டிய பினாப்தலீன் நிறம் காட்டவில்லை. அமிலம் கணக்கிட்டதைப்போல் 3.39 மடங்கு செறிவாக இருந்தது, அது 1.84-இன் வர்க்கம். எண்ணின் பக்கத்தில் அலகை எழுதும் பழக்கம் எனக்கு அன்றுதான் வந்தது.

இக்கணக்கில் இரண்டு படிகள் இருப்பதையும் பாருங்கள். சதவீதம் தூய அமிலத்தின் நிறையிலிருந்து திரவத்தின் நிறைக்குக் கொண்டுசெல்கிறது. அடர்த்தி திரவத்தின் நிறையிலிருந்து அதன் கன அளவுக்குக் கொண்டுசெல்கிறது. 1.84 என்பது புட்டியில் உள்ள கலவையின் அடர்த்தி. ஆகவே 49-ஐ அதனால் வகுப்பது பிழை.

அலகு தவறினால் என்ன நேரும் என்பதற்கு நான் வகுப்பில் தவறாமல் சொல்லும் நிகழ்வு 1983 ஜூலை 23 அன்று கனடாவில் நடந்தது. மொன்றியாலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டன் செல்ல வேண்டிய ஏர் கனடாவின் 143-ஆம் எண் விமானத்துக்கு 22,300 கிலோ எரிபொருள் தேவைப்பட்டது. எரிபொருள் காட்டும் கருவி வேலை செய்யாததால் தொட்டிகளை அளவுகோல் கொண்டு அளந்து, 7,682 லிட்டர் இருப்பதாகக் கண்டார்கள். இன்னும் எத்தனை லிட்டர் நிரப்ப வேண்டும் என்பது நிறையிலிருந்து கன அளவைக் காணும் நம் கணக்கேதான். பயன்படுத்த வேண்டிய அடர்த்தி லிட்டருக்கு 0.803 கிலோகிராம். பயன்படுத்தியதோ 1.77; அது லிட்டருக்கு இத்தனை பவுண்டு என்ற பழைய அலகில் அமைந்த எண். கனடா மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. அதனால் ஏற்கெனவே 13,597 கிலோ இருப்பதாக எண்ணி, மீதி 8,703-ஐ 1.77-ஆல் வகுத்து, 4,917 லிட்டர் மட்டும் நிரப்பினார்கள். உண்மையில் தொட்டியில் இருந்தது 6,169 கிலோ. நிரப்பியிருக்க வேண்டியது 20,088 லிட்டர். ஏறத்தாழ 41,000 அடி உயரத்தில் பறந்தபோது எரிபொருள் குறைவு எச்சரிக்கை வந்தது; பின்னர் இரு இயந்திரங்களும் அடுத்தடுத்து நின்றன. விமானிகள் விமானத்தை மிதக்கவிட்டு, கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கி, அதில் இருந்த 69 பேரையும் காப்பாற்றினார்கள். அங்கே பெருக்கலும் வகுத்தலும் சரியாகவே நடந்தன. எண்ணுக்குப் பின்னால் இருந்த அலகை மட்டும் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கவில்லை.

இன்னொன்று, வெப்பநிலை. 0.789 என்பது 20 பாகை செல்சியஸில் எத்தனாலின் அடர்த்தி; நம் ஊர் ஆய்வகங்களில் சாதாரணமாக நிலவும் 30 பாகையில் அது 0.781 அளவுக்குக் குறைகிறது, 50.0 கிராமின் கன அளவு 64.0 மி.லி. ஆகிறது. தேர்வுத்தாளில் கொடுத்த மதிப்பையே பயன்படுத்துங்கள். ஆய்வகத்தில் மூன்று இலக்கம் வரை எழுதுவதாக இருந்தால் வெப்பநிலையையும் குறித்துவையுங்கள். இது வெறும் ஏட்டுக் கவலை அன்று. சமையல் எண்ணெய் உறையில் ஒரு லிட்டர் என்பதோடு 910 கிராம் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சில நிறுவனங்கள் 60 பாகை போன்ற உயர்ந்த வெப்பநிலையைக் குறிப்பிட்டு லிட்டர் கணக்கு எழுதியதால், வாங்குபவருக்குக் கிடைக்கும் எடை குறைந்தது. ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 பாகையில் 919.1 கிராம் என்றால் 60 பாகையில் 892.6 கிராம்தான். வெப்பநிலையைக் குறிப்பிடாமல் நிகர அளவையும் எடையையும் அச்சிடும்படி மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஆகஸ்டில் அறிவுறுத்தியது.

கடைசியாக, நிறை கிலோகிராமில் தரப்பட்டால் என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒரு மி.லி.க்கு இத்தனை கிராம் என்பதும் ஒரு லிட்டருக்கு இத்தனை கிலோகிராம் என்பதும் ஒரே எண். இரண்டு பக்கமும் ஆயிரம் மடங்கு கூடுகிறது, அவ்வளவுதான். ஆகவே அடர்த்தி 1.26 உள்ள கிளிசரால் 2.5 கிலோ என்றால், கிராமுக்கு மாற்றாமலேயே 2.5-ஐ 1.26-ஆல் வகுத்து 1.98 லிட்டர் என்று எழுதலாம். அடர்த்தியைக் கன மீட்டருக்கு 1260 கிலோகிராம் என்று கொடுத்திருந்தால் விடை 0.00198 கன மீட்டர் என்று வரும். ஒரு கன மீட்டரில் 1000 லிட்டர் இருப்பதால் அதுவும் அதே 1.98 லிட்டர்தான்.